வெள்ள எச்சரிக்கைப் பட்டியலைக் கீழிருந்து படித்தால்: வடசென்னையிலிருந்து பூண்டி வரை ஆற்றங்கரையில் சைக்கிள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்படும்போதெல்லாம், நாளிதழ்களின் உள்பக்கத்தில் ஒரு நீண்ட ஊர்ப் பட்டியல் வெளியாகும். நம்பாக்கம், கிருஷ்ணாபுரம், ஆட்ரம்பாக்கம், ஒதப்பை, நெய்வேலி, எறையூர், மெய்யூர், வெள்ளியூர், தாமரைப்பாக்கம், திருக்கண்டலம், பண்டிக்காவனூர், ஜெகநாதபுரம் என்று தொடங்கி, சீமாவரம், வெள்ளிவாயல், நாப்பாளையம், இடையான்சாவடி, மணலி புதுநகர், சடையான்குப்பம் வழியாக எண்ணூரில் அது முடியும். கரையோர மக்கள் மேட்டுப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதற்காக அச்சிடப்படும் பட்டியல் அது. ஆனால் தை பிறந்து தண்ணீர் வடிந்த பிறகு, அதையே கடைசி ஊரிலிருந்து மேல்நோக்கிப் படித்துப் பாருங்கள். தார்ச்சாலையை விட்டு விலகி மண்பாதையில் சைக்கிள் ஓட்ட விரும்பும் வடசென்னைக்காரருக்கு, கொசஸ்தலையாற்றின் கரையோரமாகச் செல்லும் முழு வழித்தடமும் ஊர் ஊராக அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வழியில் மூன்று ஆண்டுகளாகப் போய்வந்த அனுபவத்தில், எந்தப் பருவத்தில், எந்தச் சக்கரத்துடன், எந்தக் கரையில், எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். மலைச்சரிவுகளுக்கு நடுவே ஓடும் ஆற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பூண்டி வரைக்கும் நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட உயர்வதில்லை; ஆகவே இது பள்ளத்தாக்கு என்பது கண்ணுக்குத் தெரியாது, வெள்ளத்துக்குத்தான் தெரியும். ஆற்றங்கரை, ஏரிக்கரை, கால்வாய்க்கரை ஆகிய மூன்றுதான் இங்குள்ள மேடுகள். இந்தக் கரைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவுவது என்று தெரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முதலில் சைக்கிள். நம் ஊரில் 'கிராவல்' என்றாலே சாலைக்கு அடியில் கொட்டும் செம்மண்ணைத்தான் நினைப்போம். அந்தச் செம்மண்ணைச் சுமந்து செல்லும் லாரிகளுக்குப் பின்னால் வளர்ந்தவர்கள் நாம். கிராவல் சைக்கிள் என்ற பெயரில் இன்று விற்கப்படும் வண்டி, வளைந்த கைப்பிடியும் அகலமான டயரும் கொண்ட சாலை சைக்கிள்தான். அது கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய பழைய கறுப்புச் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குல அகலம், அதாவது 38 மில்லிமீட்டர். இன்றைய கிராவல் சைக்கிளின் டயரும் ஏறக்குறைய அதே அகலம்தான் என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வரும். உங்களிடம் இருக்கும் சைக்கிளில் 38 முதல் 45 மில்லிமீட்டர் வரையிலான டயர் நுழையுமானால் அதுவே போதும். ஏற்றம் இல்லாத வழி என்பதால் கியர்களைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது முள்ளைப் பற்றி. கொசஸ்தலையாற்றுக் கரைகளில் சீமைக்கருவேல மரம் அடர்ந்து வளர்ந்திருக்கிறது. மரத்தில் இருக்கும் முள்ளைவிட, வயலுக்கு வேலியாக வெட்டிப் போட்டுக் காய்ந்த கிளையின் முள்தான் ஆபத்தானது. அது ஆணி போலக் கெட்டியாகிப் பாதையின் புழுதிக்குள் மறைந்து கிடக்கும். கோடையில் இதனுடன் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே டியூப் இல்லாத டயரைப் பொருத்தி, அதற்குள் ஓட்டையை அடைக்கும் பால் போன்ற திரவத்தை ஊற்றிக்கொள்வதே இங்கே அறிவுடைமை. சென்னையின் வெப்பத்தில் அந்தத் திரவம் இரண்டு மூன்று மாதங்களில் உலர்ந்துபோகும் என்பதால், பயணத்துக்கு முந்தைய வாரம் டயரைக் குலுக்கிப் பார்த்து, சளசளவென்று சத்தம் கேட்காவிட்டால் மீண்டும் ஊற்ற வேண்டும். டியூப் உள்ள டயர்தான் என்றால் இரண்டு மாற்று டியூப், ஒட்டுப் பொருள்கள், ஒரு சிறு சாமணம் ஆகியவை பையில் இருக்கட்டும். முள்ளைப் பிடுங்காமல் புது டியூப்பை மாட்டினால் அதுவும் பத்து நிமிடத்தில் போய்விடும்.

எறையூருக்கு அருகே ஒரு காலையில் எனக்கு நேர்ந்தது அதுதான். இரண்டு டியூப்களும் போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தபோது, கடைக்காரப் பெரியவர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, காத்தடிக்கிற வாயே ஊசி மாதிரி இருக்குதே, என் குழாய் இதுல எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்டார். வெளிநாட்டுப் பாணிச் சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரஸ்டா வால்வை அவருடைய காற்றுக் குழாய் பிடிக்காது. அன்று வேறு வழியின்றி, வந்த பால் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திருவள்ளூருக்குப் போனேன். பிரஸ்டா வால்வின் மேல் திருகிப் பொருத்தக்கூடிய ஒரு சிறு பித்தளைத் திருகியை அன்றிலிருந்து சாவிக் கொத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன். அது இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாற்பது மில்லிமீட்டர் டயரில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 36 பி.எஸ்.ஐ. என்ற அளவில் தொடங்கலாம். டியூப் உள்ள டயரானால் ஐந்து கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் கல்லில் மோதும்போது விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும்.

அடுத்தது பருவம். பொங்கலிலிருந்து மார்ச் முதல் வாரம் வரையிலான ஏழெட்டு வாரங்கள்தான் இந்த வழிக்கு உகந்தவை. அதற்கு முன் மண் ஈரமாக இருக்கும். நெல் வயல்களை ஒட்டிய களிமண் பாதை ஈரமானால், சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே அப்பிக்கொண்டு சைக்கிளை உருளவே விடாது. குச்சியால் சுரண்டி எடுத்து, நூறடி போய், மீண்டும் சுரண்டும் வேலைதான் நடக்கும். மார்ச்சுக்குப் பிறகு வெயிலும் புழுதியும் மிகும். காற்றின் கணக்கும் இதே காலத்துக்குத்தான் சாதகமானது. தை, மாசி மாதங்களில் காற்று கிழக்கு, வடகிழக்குத் திசைகளிலிருந்து வீசுவதால், மேற்கே பூண்டியை நோக்கிப் போகும்போது முதுகில் தள்ளும். ஆனி, ஆடியில் காலையில் மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும். பிற்பகலில் திரும்பும்போது கடற்காற்று கிழக்கிலிருந்து கிளம்பி மறுபடியும் முகத்திலேயே அடிக்கும். இரண்டு வேளையும் எதிர்க்காற்றில் மிதித்துவிட்டு வந்த ஒரு ஜூலை நாளுக்குப் பிறகு, அந்த மாதங்களில் நான் ஆற்றுப்பக்கம் போவதில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். பூண்டி நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 35 அடி. நீர்மட்டம் அதை நெருங்கும்போது உபரி நீரை ஆற்றில் திறந்துவிடுவார்கள். வழியில் பல இடங்களில் ஆற்றைக் கடப்பது தரைப்பாலங்களின் வழியாகத்தான். காலையில் காய்ந்து கிடக்கும் தரைப்பாலத்தின் மேல் மாலையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடலாம். அதன் வேகம் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். 2021 நவம்பரில் மணலி புதுநகரின் தெருக்களுக்குள் புகுந்தது இதே ஆற்றின் தண்ணீர்தான். மழை இல்லாத மாதத்திலும், பாசி படிந்த தரைப்பாலத்தையும் அணைக்கட்டின் தளத்தையும் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும்.

இனி வழி. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதியிலிருந்து சைக்கிளிலேயே ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போய், அங்கிருந்து தொடங்குவது கேட்க அழகாக இருக்கும். ஆனால் எண்ணூர், மணலி சாலைகளில் இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகளையும், காற்றில் பறக்கும் சாம்பலையும் அறிந்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன்பு ஒரே ஒருமுறை, எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்கள் வலை வீசுவதைப் பார்ப்பதற்காகவேனும், போய்வரலாம். வழக்கமான பயணத்துக்கு அது சரிப்படாது. அதற்குப் பதிலாகக் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தின் அதிகாலை மின்ரயிலில் மீஞ்சூருக்குப் போய் இறங்குவதே நல்லது. சைக்கிளுக்கு உரிய சீட்டு என்ன என்பதைக் கவுன்ட்டரில் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடைமேடையில் கூட்டம் இல்லாத அந்த நேரத்தில் யாருக்கும் இடைஞ்சலும் இராது.

மீஞ்சூரிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் சீமாவரம். இங்கே ஆற்றின் குறுக்கே உள்ள வல்லூர் அணைக்கட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் பாயும் இந்தப் படுகையில் நிலத்தடி நீர் பல ஆண்டுகளாக மிகுதியாக உறிஞ்சப்பட்டதால், கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்நோக்கி ஊடுருவி, மீஞ்சூரைச் சுற்றியுள்ள கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. எனவே இந்தப் பகுதியில் கிணற்று நீரையோ அடிகுழாய் நீரையோ நம்பி வரக் கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

சீமாவரத்திலிருந்து காரனோடை வரையிலான முதல் பகுதியில் மடியூர், வன்னிப்பாக்கம், கன்னிப்பாளையம், புதுக்குப்பம் ஆகிய ஊர்களின் பெயரைக் கேட்டுக் கேட்டுப் போனால் வழி தவறாது. நீர்வளத் துறையின் கணக்கில் ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்று இடது கரை, வலது கரை என்பார்கள். ஊர்க்காரர்களோ வடகரை, தென்கரை என்றே சொல்வார்கள். வழி கேட்கும்போது ஊர்ப்பெயருடன் கரையையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். ஏதேனும் விபத்து நேர்ந்து 108ஐ அழைக்க நேர்ந்தாலும் இந்த இரண்டு விவரங்களே உதவும். கரையின் மேல் பாதை எல்லா இடங்களிலும் தொடர்ந்து போகாது. முள் அடைத்திருந்தால் பிடிவாதம் பிடிக்காமல் ஊர்ச் சாலையில் இறங்கி, அடுத்த ஊரில் மறுபடி கரையேற வேண்டும். முந்தைய நாள் இரவே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, கரை எங்கே வெளிர் கோடாகத் தெரிகிறது, எங்கே பச்சைக்குள் மறைகிறது என்று குறித்துக்கொண்டு, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடமாக அதைக் கைபேசியில் சேமித்து வைத்திருந்தால் நேரம் மிச்சமாகும்.

காரனோடையில் தேசிய நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கிறது. இந்த வழித்தடத்திலேயே மிக ஆபத்தான இடம் இதுதான். வெளிமாநில லாரிகள் பறக்கும் அந்தச் சாலையைச் சைக்கிளில் ஏறியபடி குறுக்கே கடக்க முயலாமல், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தெற்கே சற்றுத் தொலைவில் சோழவரம் ஏரி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட விமானத் தளம் பின்னர் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களின் களமாக மாறிப் புகழ்பெற்ற ஊர் அது. ஆனால் சோழவரம், புழல் ஏரிகள் குடிநீர் ஆதாரங்கள் என்பதால், அவற்றின் கரைகளில் அனுமதியின்றிச் சைக்கிள் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

காரனோடைக்கு மேற்கேதான் இந்தப் பயணம் உண்மையில் சுவைக்கத் தொடங்குகிறது. ஜெகநாதபுரம், பண்டிக்காவனூர், ஆத்தூர் என்று போகப் போக, லாரிச் சத்தம் ஓய்ந்து, அறுவடை முடிந்த சம்பா வயல்களும் பனை வரிசைகளும் செங்கல் சூளைகளும் மாறி மாறி வரும். காலை நேரத்தில் மேற்கு நோக்கிப் போவதால் வெயில் முதுகில்தான் விழும். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். திருக்கண்டலத்தில் ஆற்றங்கரையிலேயே ஒரு சிவன் கோயில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருக்கள்ளில் என்னும் தலம் இதுவே. சைக்கிளைச் சாய்த்து வைத்துக் கால் மணி நேரம் உட்கார இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை. கோயிலுக்குள் போவதாக இருந்தால், இறுக்கமான சைக்கிள் கால்சட்டையின் மேல் கட்டிக்கொள்ள ஒரு வேட்டியோ துண்டோ பையில் வைத்திருங்கள்.

சூளைகளுக்கு அருகில் லாரிச் சக்கரங்கள் பதித்த ஆழமான தடங்கள் இருக்கும். ஒரு தடத்துக்குள் இறங்கிவிட்டால் அதிலேயே போய், அது ஆழம் குறையும் இடத்தில்தான் வெளியே வர வேண்டும். நடுவில் கைப்பிடியைத் திருப்பினால் விழுவது உறுதி. ஆற்று மணல் குவிந்த இடத்தில் உத்தி வேறு. மணலுக்கு முன்பே ஒரு கியர் இலகுவாக்கி, உடலைச் சற்றுப் பின்னால் வைத்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாமல் நேராகப் போக வேண்டும். முன்சக்கரம் தானே இப்படியும் அப்படியும் ஆடும்; அதைத் திருத்த முயலக் கூடாது. தொடர்ந்து மணலாக இருந்தால் கொஞ்சம் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். பிறகு அடித்துக்கொள்ளக் கையில் பம்பு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவடைக் காலத்தில் ஊர்ச் சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயவைத்திருப்பார்கள். சாலை பொதுவானது என்று வாதம் பேசிக்கொண்டு அதன் மேல் சக்கரத்தை ஏற்றுவது அநாகரிகம். ஆட்டு மந்தை எதிர்ப்பட்டால் நின்று, மேய்ப்பவர் சொல்லும் பக்கம் ஒதுங்குங்கள். நாய்கள் துரத்தினால் வேகத்தைக் கூட்டுவதைவிட, இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பதே பலன் தரும். சக்கரம் நின்றதும் அவற்றுக்கும் ஆர்வம் போய்விடும்.

தாமரைப்பாக்கம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையின் குடிநீர்த் திட்டத்துக்காகக் கட்டப்பட்டது. ஆற்று நீரை இங்கே மறித்துக் கால்வாய் வழியாகச் சோழவரத்துக்கும் அங்கிருந்து புழலுக்கும் கொண்டுபோனார்கள். நம் வீட்டுக் குழாய்க்கு வந்த தண்ணீரின் பழைய பாதையை எதிர்த்திசையில் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது இங்கே நிற்கும்போதுதான் விளங்கும். தாமரைப்பாக்கம் கூட்டுச்சாலையில் இட்லியும் தேநீரும் கிடைக்கும். சாப்பிட்டுவிடுங்கள், இதற்குப் பிறகு கடைகள் குறைவு. முதல்முறை வருபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, செங்குன்றம் சாலை வழியாக வீடு திரும்பலாம்.

மேலே போகிறவர்களுக்கு வெள்ளியூர், மெய்யூர், எறையூர், நெய்வேலி, ஒதப்பை என்று வழி நீளும். பூண்டியிலிருந்து கிளம்பும் கான்கிரீட் கால்வாயைப் பார்த்ததும் அதன் ஓரத்தில் ஓட்டிப்பார்க்க ஆசை வரும். அதன் சரிவுகள் வழுக்கலானவை. தண்ணீருக்குள் விழுந்தால் நீந்தத் தெரிந்தவரும் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. அங்கே வேண்டாம்.

ஒதப்பையைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறும். வண்டல் போய்ச் செம்மண்ணும், உருண்ட கூழாங்கற்களும், சிறு மேடு பள்ளங்களும் வரும். வடமேற்கே அல்லிக்குழி மலைத்தொடர் தெரியும். ஏறி இறங்கும் நிலம் வேண்டும் என்பவர்கள் காத்திருந்தது இதற்குத்தான். சக்கரத்துக்கு அடியில் நறநறக்கும் இந்தக் குவார்ட்சைட் கற்களைக் கொண்டுதான் அத்திரம்பாக்கத்தில் பழங்கற்கால மனிதர்கள் கைக்கோடரிகளைச் செய்தார்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அந்த இடத்தில், பிற்காலத்தில் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011இல் உலகுக்குத் தெரிவித்தது. நாளிதழின் வெள்ள எச்சரிக்கையில் வரும் ஆட்ரம்பாக்கம் இதே ஊர்தான். அழகாக இருக்கிறதே என்று எந்தக் கல்லையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது கிடக்கும் இடம்தான் அதன் சான்று. கற்கருவிகளைப் பார்க்க விரும்பினால் பூண்டியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கூடியம் குகைகள் காப்புக்காட்டுக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

பூண்டி அணை 1944இல் கட்டி முடிக்கப்பட்டது; அதற்குக் காரணமாக இருந்த சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரையே நீர்த்தேக்கம் தாங்கியிருக்கிறது. பத்து மணிக்குள் இங்கே வந்து சேர்ந்துவிட்டால் கணக்கு சரி. வந்த வழியே எதிர்க்காற்றில் திரும்புவதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன். திருவள்ளூர் ரயில் நிலையம் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கிருந்து சென்ட்ரலுக்கு மின்ரயில் உண்டு.

இதே முறையில் ஆரணியாற்றையும் பொன்னேரியிலிருந்து பெரியபாளையம் வரை போய்ப் பார்க்கலாம். தூரம் குறைவு, நிழல் அதிகம். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கும், செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகன் கோயிலுக்கும் வரும் வாகனங்கள் அந்தச் சாலைகளை நிறைத்துவிடும் என்பதால், அந்த நாள்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

திருவள்ளூர் நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு டயர்களின் மேற்பரப்பையும் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பாதி நுழைந்து நிற்கும் முள் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். டியூப் உள்ள டயரானால் அங்கேயே பிடுங்கிவிடுங்கள். டியூப் இல்லாத டயரானால் வீட்டுக்குப் போய்ப் பம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடுங்குங்கள்; சென்ட்ரலிலிருந்து வீடு வரைக்கும் இன்னும் மிதிக்க வேண்டியிருக்கிறது.